சத்தம் வராத சக்கரம்

ஜூன் 3

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

அக்கா ஏன் போனை எடுக்கவில்லை என்று உன் மாமாவிடம் கேட்டாயாம். இனி உன்னோடு பேசுவதெல்லாம் தாளில்தான். என் குரல் உன் கையில் கிடைத்தால் அதைக் கத்தரித்து, ஒட்டி, நடுவில் பீப்பி ஊதி, நான் சொல்லாததைச் சொன்னதாக ஆக்கிவிடுகிறாய். தாளை அப்படிச் செய்ய முடியாது. பார்சலோடு சேர்த்து இதைப் பஸ் டிரைவரிடம் கொடுக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

இன்று மதியம் ஒருவர் கடைக்கு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான குரல். கையில் பையோ பெட்டியோ இல்லை. பை ரிப்பேர் கடைக்கு வெறுங்கையோடு வருகிறவர் வழி கேட்க வருவார், இல்லையென்றால் வம்புக்கு வருவார். இவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் நம் கடைக்காக நீ நடத்துகிற வீடியோ சேனல். நீ போட்ட வீடியோ. நான் அதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

பச்சைப் பெட்டியோடு ஒரு பெண் நிற்கிறாள். அவள் முகத்தின்மேல் நீ ஒரு மஞ்சள் சிரிப்புப் பொம்மையை ஒட்டியிருக்கிறாய்.

“சக்கரம் மாத்தணும்கா. சத்தமே வரக்கூடாது.”

“சத்தம் வராம எங்கம்மா போறீங்க? திருடவா?”

“வீட்டை விட்டுப் போறேன்கா. தரையில இழுத்தா அவரு முழிச்சுக்குவாரு.”

உடனே பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கிறது. எங்கிருந்து பிடித்தாய் அந்தக் கூட்டத்தை? கடையில் நான், அவள், தையல் மெஷின் மூன்றுதான் இருந்தோம். அப்புறம் நான் பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றி ரப்பர் சக்கரம் மாட்டுகிறேன், பெட்டியை இழுத்துக் காட்டுகிறேன். கடைசியில் பெரிய எழுத்தில், ‘கணவர் முழிக்க மாட்டார்! கேரண்டி!’

“இது எங்க வீட்டுப் பெட்டி. குடுங்க, எடுத்துட்டுப் போறேன்” என்றார் வந்தவர்.

“ஒரே மாதிரி பெட்டி ஊர்ல நிறைய இருக்கும் சார்.”

“மூலையில தோல் வச்சுத் தச்சிருக்கே, அதுகூட ஒரே மாதிரி இருக்குமா? எங்க அக்கா பார்த்ததும் சொல்லிட்டாங்க, இது நம்ம பெட்டின்னு.”

அந்தத் தோல் ஒட்டு நான் போட்டதுதான், தம்பி. போன வருஷம் போட்டேன்.

“கொண்டு வந்தவங்க கையிலதான் திருப்பிக் குடுப்போம். கடை வழக்கம்” என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சிரித்தார். “அவ இனிமே வர மாட்டா” என்று சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த பைகளை மிதிக்காமல் ஜாக்கிரதையாகத் தாண்டிப் போனார்.

பெட்டி என் மேஜைக்கு அடியில்தான் இருக்கிறது. அது காலிப் பெட்டியும் இல்லை. வீட்டில் வைத்து அடுக்க முடியாது என்றோ என்னவோ, பெட்டியை இங்கேயே விட்டுவிட்டாள்; அன்றைக்கு வந்துபோன பிறகு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கைப்பையில் ஒரு துணி, ஒரு சான்றிதழ் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து அதில் வைத்துவிட்டுப் போனாள். நான் எதுவும் கேட்டதில்லை. பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கலாம், பேசக்கூடாது. கடை திறந்தபோது நீயும் நானும் சேர்ந்து வைத்துக்கொண்ட வழக்கம் அது. நீ ஊருக்கே ஒலிபெருக்கி வைத்துப் பேசிவிட்டாய்.

அந்த வீடியோவை எடு. இதைப் படித்து முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, முதலில் எடு.

அக்கா


ஜூன் 5

அக்கா,

எடுத்துவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதியை நீ படிக்க மாட்டாய்.

மீதி இதுதான். கேமராவை அலமாரியில் மாட்டியபோது நீ என்ன சொன்னாய்? “எதையாவது போட்டுக்கோடா, என் வேலையைக் கெடுக்காத.” ஒவ்வொரு வீடியோவையும் வெளியிடுவதற்கு முன்னால் உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றையாவது திறந்து பார்த்தாயா? மாமா பார்த்தார். பார்த்துவிட்டு எனக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினார். வீட்டில் யாரோ பார்த்து ஒப்புக்கொண்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

கடை எப்படிக் கிடந்தது என்று மறந்துவிட்டதா? காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு மதியம் வரை பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரோடு வாய்ச்சண்டை போடுவதுதான் உன் வியாபாரம். நான் போட்ட முதல் வீடியோவில் நீ ஒருவரைத் திட்டுகிறாய். “ஜிப்பை என்ன சார் பண்ணீங்க? அதுல மாடு கட்டினீங்களா?” அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆள் வர ஆரம்பித்தார்கள். ‘ஜிப் அக்கா’ என்று உனக்குப் பெயர் வந்தது. உன்னிடம் திட்டு வாங்குவதற்கென்றே நல்ல பையைக் கிழித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அப்போது உனக்குக் கசந்ததா? நீ தலையைப் படிய வாரிக்கொண்டு கடைக்குப் போக ஆரம்பித்தாய் என்று மாமா சொன்னார். கேமராவுக்கு இடது பக்கம் அழகா, வலது பக்கம் அழகா என்று அவரிடம் கேட்டாயாம்.

சத்தமில்லாத சக்கரத்துக்கு இப்போது வெளியூரிலிருந்து பார்சலில் பெட்டி வருகிறது. அவை வழி தவறி வந்த பெட்டிகளா? பகல் முழுக்க ஊரார் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, கண் எரிய எரிய வந்து உன் கடைக்காகத் திரும்பவும் உட்கார்ந்தேனே, அதன் பலன்.

அந்தப் பெண்ணின் முகத்தை மறைத்தேன். பெயர் எங்கேயும் இல்லை. அவள் சிரித்தாள், நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே சொன்னதை ஜோக் என்று எடுத்துக்கொண்டது ஒரு குற்றமா?

வீடியோ போய்விட்டது. இத்தோடு முடிந்தது. போனை எடு.

தம்பி


ஜூன் 6

முடிந்ததா?

இன்று காலை ஜெராக்ஸ்காரர் தன் போனைக் கொண்டுவந்து காட்டினார். எவனோ நம் வீடியோவை இறக்கி, வேறு பாட்டு சேர்த்து, தன் பெயரில் போட்டிருக்கிறான். அதற்குக் கீழே இன்னொருவன். “உங்க தம்பி எடுத்துட்டாரு, சரி. ஊரு எடுக்கலையே” என்றார். அவரைப் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைப் பார்த்து அவரே பயந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தார்.

முகத்தை மறைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ எந்தக் கடையில் உட்கார்ந்து வேலை பழகினாய்? நமக்கு யார் முகம் ஞாபகம் இருந்திருக்கிறது? “ரெட்டை வார் வந்தாரா?” “சிவப்புக் கைப்பிடி நாளைக்கு வருவாங்க.” “கிழிஞ்ச லைனிங் டீச்சர் ரொம்ப நாளா காணோம்.” இப்படித்தானே நாம் பேசிக்கொள்வோம்? தெருவில் ஒருவர் எதிரே வந்து வணக்கம் சொன்னால் யாரென்று விழிப்போம். தோளில் தொங்குவதைப் பார்த்ததும் அவர் வீட்டுக் கதை முழுக்க ஞாபகம் வந்துவிடும். வேறு எந்த எடிட்டர் இப்படிச் செய்திருந்தாலும், பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்றிருப்பேன். பெட்டிக்காரன் நீ. முகத்தை மூடிவிட்டுப் பெட்டியை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறாய்.

ஜோக் என்று எடுத்துக்கொண்டாயா? பொய் சொல்லாதே. கேமரா அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. நான் மெஷினை நிறுத்திவிட்டு, “நிஜமாவாம்மா?” என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். அது அத்தனையும் உன் கையில் இருந்தது. சரியாக அதற்கு முன்னால் வெட்டியிருக்கிறாய். வெட்டுகிற இடம் தெரிகிறவனுக்கு, எதை வெட்டுகிறோம் என்றும் தெரியும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. நேற்று அவள் பேசினாள். அடுத்த வீட்டு ஜன்னல் வழியாக யாருடைய போனையோ வாங்கி, குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

“அக்கா, விளம்பரத்துக்காக நடிச்சேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க சொல்லிக் குடுத்த வசனம்னு சொல்லியிருக்கேன். அவரு நம்பல. அந்தக் கடைக்காரி அதே சேனல்ல வந்து அப்படிச் சொல்லட்டும், அப்ப நம்புறேங்கிறாரு. அதுவரைக்கும் வெளிக்கதவைப் பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போறாரு.”

நான் அப்படியே சொல்லப் போகிறேன். அது நடிப்பு, வசனம் என்னுடையது, அவளை வற்புறுத்தி நடிக்கவைத்தேன் என்று சொல்லப் போகிறேன். சேனலின் பாஸ்வேர்ட் உன்னிடம்தான் இருக்கிறது. நான் பேசி அனுப்புவதை நீ போட வேண்டும்.

அக்கா


ஜூன் 8

அக்கா,

முடியாது.

நீ என்ன கேட்கிறாய் என்று உனக்கே புரியவில்லை. தராசுக்கு அடியில் கடைக்காரர் ஒருமுறை காந்தம் வைத்தார் என்று தெரிந்தால், அந்த ஒருமுறை வாங்கிய சாமானை மட்டுமா சந்தேகப்படுவார்கள்? அவரிடம் அதுவரை வாங்கியது எல்லாமே எடை குறைவு என்றுதான் பேசுவார்கள். அதே கதைதான் இது. அந்தப் பெண் நடித்தாள் என்றால், சக்கரமும் நடித்தது என்பார்கள். சத்தத்தை எடிட்டிங்கில் அழித்துவிட்டான் என்பார்கள். நீ திட்டியது நடிப்பு, கிழிந்த பை நடிப்பு, ஜிப் அக்காவே நடிப்பு. பெட்டி அனுப்பிய வெளியூர்க்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள். நீ மறுபடியும் ஜெராக்ஸ்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

என் கதையை உனக்குச் சொல்லவில்லை, போனை எடுத்தால்தானே சொல்வதற்கு. எங்கள் ஸ்டூடியோ முதலாளி கடைகளுக்கு விளம்பர வீடியோ எடுக்க ஒரு தனிப் பிரிவு ஆரம்பிக்கிறார். அதை என் பொறுப்பில் விடுகிறார். என் சான்றிதழைப் பார்த்து இல்லை, நம் சேனலைப் பார்த்து. “ஜிப் அக்காவைத் தூக்கி நிறுத்தின ஆளு” என்றுதான் வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துகிறார். நீ சொல்வதைப் போட்டால் என்னை என்ன சொல்லி அறிமுகப்படுத்துவார்?

ஆமாம், கேட்டேன். நீ “நிஜமாவாம்மா?” என்றதைக் கேட்டேன், அவள் தலையாட்டியதைப் பார்த்தேன். அதற்கு முன்னால் வெட்டினால்தான் சிரிப்பு எடுபடும். மணப்பெண் அழுவதை வெட்டுகிறேன், மாப்பிள்ளையின் அப்பா சாப்பாட்டுப் பந்தியில் சண்டை போடுவதை வெட்டுகிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இவள் தலையாட்டியதை மட்டும் எங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்கிறாய்?

யார் அவள் உனக்கு? கூடப்பிறந்தவளா? கூடப்பிறந்தவன் நான். போலீஸில் போய்ச் சொல். அதற்குத்தானே அவர்கள் இருக்கிறார்கள்.

தம்பி


ஜூன் 9

போலீஸில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். “அவங்களே வந்து எழுதிக் குடுக்கட்டும்மா” என்றார்கள். வீட்டுக் கதவைத் தாண்ட முடிந்தவள் அந்த மேஜை வரைக்கும் ஏன் வரப்போகிறாள் என்று கேட்டேன். “எங்களுக்கே வசனம் சொல்லித் தர்றீங்களா, ஜிப் அக்கா?” என்றார் அங்கே ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நீ சம்பாதித்துக் கொடுத்த பெயர் எனக்கு எந்த இடத்தில் உதவுகிறது பார்.

யார் அவள் எனக்கு என்று கேட்டிருக்கிறாய். என் கடையில் பெட்டியை விட்டுவிட்டுப் போனவள். அவ்வளவுதான். அதற்கு மேல் உறவு எதுவும் வேண்டுமா என்று நீயே யோசித்துக்கொள்.

இதனோடு ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். உன் மாமாதான் போனைப் பிடித்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தையையும் வெட்டாதே, ஒட்டாதே, பொம்மை வைக்காதே. அப்படியே போடு.

போடவில்லை என்றால் என்னை அக்கா என்று கூப்பிடாதே. ஜிப் அக்கா என்றும் கூப்பிடாதே.


ஜூன் 11

அக்கா,

போட்டுவிட்டேன். உனக்குப் பயந்து போடவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்.

வெட்டாதே என்று எழுதியிருந்தாய். வெட்டினேன். நிறையவே வெட்டினேன். வெட்டாமல் போட்டிருந்தால் அந்த ஆள் பார்த்த மாத்திரத்தில் எழுந்து போய் இன்னொரு பூட்டு வாங்கியிருப்பான். உனக்குப் பொய் சொல்லவே தெரியாது. ஒவ்வொரு பொய்க்கும் முன்னால் அண்ணாந்து ஃபேனைப் பார்க்கிறாய். “அந்தம்மா நடிச்சாங்க” என்று சொல்லிவிட்டு எச்சில் விழுங்குகிறாய். “வற்புறுத்தினேன்” என்கிறபோது உனக்கு அழுகை வருகிறது. மாமா வேறு பின்னாலிருந்து, “சரியாத்தான் சொல்றே, சொல்லு சொல்லு” என்கிறார்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஃபேனைப் பார்ப்பது இல்லை, எச்சில் இல்லை, மாமா இல்லை. மிச்சம் இருப்பவள் ஒரு கெட்டிக்கார வியாபாரி. கண்ணிமைக்காமல், “ஆமா, நடிப்புதான், வியாபாரம்னா நாலும் இருக்கும்” என்று சொல்கிறாள். பார்த்தால் எனக்கே உன்மேல் ஆத்திரம் வந்தது. பொய்யை நிஜமாக்குகிற வேலை எனக்கு நன்றாகத் தெரியும். நீ அதை எத்தனை கேவலமாக நினைத்தாலும் இந்தமுறை அதுதான் உதவியது.

இன்னொன்றும் செய்தேன். கடைசியில் நானே வந்து நின்றேன். “சிரிப்புச் சத்தம், வசனத்தை வெட்டினது, எல்லாம் நான்தான்” என்று சொன்னேன். அது பொய் இல்லை என்பதால் எடிட் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கீழே என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? ‘ஜிப் அக்கா இல்லை, டூப் அக்கா.’ ‘அவங்க சக்கரம் என் வீட்டுல கூரையே இடியற மாதிரி சத்தம் போடுது’ என்று, நம்மிடம் சக்கரமே வாங்காத ஒருவன். ‘அக்காவும் தம்பியும் கூட்டுக் களவாணிங்க.’ இன்னும் இருக்கிறது, உனக்கு எழுத எனக்குக் கூசுகிறது. முதலாளி வந்து புதுப் பிரிவின் சாவியை என் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். எனக்கு மறுபடியும் கல்யாண வீடியோதான்.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. யாருக்காகவோ நாம் கொடுத்த விலை இது. அவள் வெளியே வருகிறாளா இல்லையா என்று மட்டும் எழுது.

தம்பி


ஜூன் 19

தம்பி,

உடனே எழுதாததற்குக் காரணம், எழுதுவதற்கு நல்லதாக எதுவும் இல்லை.

ஷட்டரில் கரியால் ‘டூப் கடை’ என்று எழுதிவைத்தார்கள். ஜெராக்ஸ்காரர் எனக்கு முன்னால் வந்து துடைத்துக்கொண்டிருந்தார். “நான்தான் இந்தக் கடையைத் திட்டணும், கண்டவன் எல்லாம் திட்டக் கூடாது” என்றார். வெளியூர்ப் பெட்டிகளைச் சொந்தக்காரர்கள் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். சக்கரம் மாட்டியதும் மாட்டாததுமாகக் கட்டி அனுப்பினேன். அலமாரி காலியாகிவிட்டது. கேமரா ஸ்டாண்டைக் கழற்றிவிட்டேன். அந்த ஆணியில் இப்போது கத்தரிக்கோலை மாட்டியிருக்கிறேன்.

அந்த மனிதர் ஒரு நாள் வந்தார். “பெரிய நடிகைதான் நீங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்ல?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கும் சிரித்துவைக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பை உன் எடிட்டிங்கில்கூட அழிக்க முடியாது, இன்னும் கன்னத்தில் வலிக்கிறது. “பெட்டி சும்மா இங்க கிடக்குதே. வந்து எடுத்துக்கச் சொல்றேன்” என்றார்.

நேற்று அவள் வந்தாள். கணவர் வேலைக்குப் போன நேரம். கதவு இப்போது பூட்டுவதில்லையாம். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “முதல்ல பெட்டியைச் சரி பாரும்மா” என்றேன். உட்கார்ந்து, துணியை எண்ணாமல், சான்றிதழ் உறையை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். ஜிப்பை நான் இழுத்துவிட்டேன்.

“உங்க கடை என்னால…” என்று ஆரம்பித்தாள்.

“கடைக்கு என்ன? கடை இங்கதான் இருக்கும். நீ கிளம்பு.”

எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டதே போதும்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ வெட்டியதற்கும் கோபம், நான் வெட்டாதே என்ற பிறகும் வெட்டியதற்கும் கோபம், அந்த வெட்டுத்தான் அவளைக் காப்பாற்றியது என்பதால் அதைவிடக் கோபம். உன் புதுப் பொறுப்பு போனதற்காகவும் யார்மேலோ கோபமாக இருக்கிறது, யார் என்று தெரியவில்லை. நீ நேரில் வா. வைத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். கல் பெயர்ந்த தெரு, உனக்குத் தெரியும். காலிக் கூடையை இழுத்தாலே கடகடவென்று தெருவே திரும்பிப் பார்க்கும். அவள் வீடு இருக்கிற பக்கம் போகவில்லை, பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பினாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். ஜெராக்ஸ்காரரும் அவர் மெஷினை நிறுத்தினார். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.

ஒரு சத்தம் வரவில்லை, தம்பி. ஊரே பொய் என்கிற அந்தச் சக்கரம் மட்டும் பொய் இல்லை.

அக்கா